ஞாயிறு மாலை நாலு மணி

சிதறால் மலைக்குப் போயிருக்கிறீர்களா? கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்த்து, சுசீந்திரத்தில் தரிசனத்தை முடித்து, பத்மநாபபுரம் அரண்மனையை ஓட்டமாய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள்தாம் நம்மில் அதிகம். மார்த்தாண்டத்துக்கு அருகே, தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் அடர்ந்து கிடக்கும் பிரதேசத்தில், இப்படி ஒரு மலை இருப்பதை யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

நானும் இத்தனை வருஷம் போனதில்லை. இப்போது போனதுகூடச் சரித்திர ஆராய்ச்சிக்காக அல்ல. என் சித்தி மகள் அந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளும் அக்கம்பக்கத்து ஐந்து வீட்டாரும் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து ஒரு புத்தகம் படிக்கிறார்கள். தலைவர், காரியதரிசி, ரசீதுப் புத்தகம் ஒன்றும் கிடையாது. பெயர்கூட வைக்கவில்லை. ஒரு புத்தகம் முடிந்தால் எல்லாருமாக எங்காவது போய்வருவது என்று மட்டும் ஓர் ஏற்பாடு. “இந்தத் தடவை சிதறால். நீங்களும் வாங்க அக்கா” என்றாள். போனேன்.

கருங்கல் பாவிய பாதையில் ஏறிப் போனால், உச்சியில் ஒரு பெரும் பாறைமேல் இன்னொன்று சாய்ந்து நிற்கிறது. இடையில் குனிந்து நுழைகிற அளவு வழி. நுழைந்து மறுபுறம் வந்தால், பாறை முகத்தில் வரிசையாகச் சமண தீர்த்தங்கரர்கள். முக்குடைக்குக் கீழே ஒருவர், பாம்புப் படத்தின் நிழலில் ஒருவர். திருச்சாரணத்து மலை என்பது இந்த இடத்தின் பழைய பெயர். பிற்காலத்தில் இங்கே பகவதியின் சந்நிதியும் ஏற்பட்டது.

தீர்த்தங்கரர்களோடு அம்பிகை என்னும் யட்சியும் செதுக்கப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் இரண்டு குழந்தைகள், ஒரு சிங்கம். எங்களோடு வந்த ஏழு வயதுச் சிறுமி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அந்த அம்மா பிள்ளைகளுக்குக் கதை சொல்லுது. சிங்கமும் கேக்குது” என்றாள். சிற்ப சாஸ்திரம் வேறு சொல்லும். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இந்த வியாக்கியானமே பிடித்துவிட்டது. திரும்பி வரும்வரை எல்லாரும் அந்தச் சிங்கத்தைப் பற்றியே பேசினார்கள்.

நம்மைப் போன்ற பெண்களுக்கு அங்கே இன்னொரு சமாசாரமும் காத்திருக்கிறது. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன், ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்ற பெண் துறவி இந்த மலைக் கோயிலுக்குப் பொன்னாபரணம் அளித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று அவரைக் குறிக்கவில்லை. அரிட்டநேமி படாரரின் மாணாக்கி என்று குறிக்கிறது! குரத்தி என்றால் பெண் குரு. இந்தத் திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர், இங்கிருந்து வெகுதூரம் தள்ளிக் கழுகுமலைப் பாறையிலும் வெட்டப்பட்டிருக்கிறது. படித்த பெண்கள், படிப்பித்த பெண்கள், ஊர் விட்டு ஊர் போய் வந்த பெண்கள். இதை என் தங்கை சொல்லிக்கொண்டிருந்தபோது, கூட வந்த தாய்மார்களில் ஒருத்தி மட்டும் கல்வெட்டுப் பக்கமாகப் போய் வெகுநேரம் நின்றாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சமணர்களுக்கு தானம் நான்கு. அன்னம், அபயம், ஔஷதம், சாஸ்திரம். கடைசியாகச் சொன்னது, நூல்களைப் படியெடுத்துக் கொடுப்பது. பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற பெண்மணி, பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் ஓலைப் பிரதிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது பிரசித்தம். ஓர் ஏட்டுச் சுவடி எழுதி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். நாம் ஒரு புத்தகத்தை இரவல் கொடுத்துவிட்டு ஆறு மாதம் புலம்புகிறோம்!

கும்பகோணத்துக் கதை இதைவிட அருமை. 1880-இல் அங்கே கல்லூரி ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியின் பொருள் விளங்காமல் தவித்துக்கொண்டிருந்தார். சமணர் வீடுகளில் அதைப் பாடம் கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வீட்டுக்குப் போனார். வாசலில் கோலம், தோரணம். ஏதாவது விசேஷமா என்று விசாரித்தால், பெரியவர் ஒருவரிடம் பல மாதங்களாகச் சிந்தாமணி கேட்டு வந்தார்களாம். அன்றைக்கு அது பூர்த்தியாம். அதற்குத்தான் தோரணம்! ஐயர் சிந்தாமணியை 1887-இல் அச்சிட்டார். அதற்கு உதவிய வாசல்களில் ஒன்று, ஒரு குடும்பம் புத்தகம் படித்து முடித்ததற்காகக் கோலம் போட்ட வாசல். ஐயரே இதையெல்லாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதுவும் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்ததுதான்.

தொடர் என்றதும் உங்களுக்கே ஞாபகம் வந்திருக்குமே. 1950-இல் தொடங்கி மூன்றரை வருஷம் ‘பொன்னியின் செல்வன்’ வந்த காலத்தில் எத்தனை வீடுகளில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் அரிசி புடைத்துக்கொண்டும் பூத் தொடுத்துக்கொண்டும் கேட்டார்கள்! வாரா வாரம் தாள்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டு செய்து, கெட்டி அட்டைக்குள் வைத்த புத்தகம் இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கும். அதற்கு நாம் புத்தகச் சங்கம் என்று பெயர் வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

என் தங்கை வீட்டு ஏற்பாடு எடுத்த எடுப்பில் ஜெயித்துவிடவில்லை. முதலில் அவர்கள் செய்ததைக் கேளுங்கள். யார் அதிகப் புத்தகம் படிக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் பத்து வரியில் சாராம்சம் எழுத வேண்டும். கதையின் நீதி என்ன என்று சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் ஒரு பிள்ளை பதினொரு புத்தகம் ‘படித்து’விட்டது. சாராம்சம் அத்தனையும் பின் அட்டையிலிருந்து! இன்னொரு வீட்டில் அப்பாவே எழுதிக் கொடுத்தார். மூன்றாம் மாதம் பாயில் உட்கார ஆளில்லை. பள்ளிக்கூடத்தின் பரீட்சையை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்ததாம்.

இரண்டாவது தடவை எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார்கள். ஒரே ஒரு புத்தகம். ஒருவர் உரக்க வாசிப்பது, மற்றவர் கேட்பது. வாசித்தபின் கேள்வி கிடையாது. “இந்தக் கதையிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது?” என்று கேட்கிற பெரியவருக்கு அடுத்த வாரம் சாயா கிடையாது. ஸ்வாரஸ்யமான கட்டம் வந்ததும், பாதியிலேயே புத்தகத்தை மூடிவிட வேண்டும். ‘தொடரும்’ என்ற வார்த்தையின் மகிமையை இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

நேரம் குறித்ததிலும் ஒரு யுக்தி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியும் முன்பே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். இரவு எட்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் அப்பாக்கள் குறட்டை விடுவார்கள். அதனால் ஞாயிறு மாலை நாலு மணி. நாலே முக்காலுக்கு முடிந்துவிடும். முக்கால் மணிக்குமேல் சின்னப் பிள்ளைகளின் கால்கள் பேச ஆரம்பித்துவிடுகின்றன. செல்போன்களை எல்லாரும் ஒரு பித்தளை அண்டாவில் போட்டுவிட வேண்டும். இந்த விதியை முதலில் மீறியவர்கள் குழந்தைகள் அல்ல. அவர்களுடைய தகப்பனார்கள்!

பலகாரம்தான் பெரிய ஆபத்தாக முளைத்ததாம். முதல் வீட்டில் முறுக்கு. அடுத்த வீட்டில் முந்திரிக்கொத்து. மூன்றாவது வீட்டில் கேசரி, பழபஜ்ஜி, ஐஸ்கிரீம். நான்காவது வீட்டுக்காரி “இந்த வாரம் எனக்குச் சௌகரியமில்லை” என்றாள். அதற்கு அடுத்த வாரமும் சௌகரியமில்லை. ஏன் என்று புரிந்துகொள்ள நமக்கு விளக்கம் தேவையில்லை, சகோதரிகளே. யார் வீடாக இருந்தாலும் வேகவைத்த கிழங்கும் கட்டன் சாயாவும் மட்டுமே என்று அன்றே தீர்மானமாயிற்று. நாலு பேர் கூடுகிற எந்தக் காரியமானாலும், புத்தகத்தைவிட முன்னால் தீர்க்க வேண்டியது இந்த விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

பாஷைச் சிக்கலும் உண்டு. அந்தக் கூட்டத்தில் எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். பிள்ளைகளுக்கெல்லாம் அம்மச்சி. அவர் எழுத்துப் படித்த காலத்தில் அந்த ஊர் திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம்மோடு இணைந்தது. அம்மச்சிக்கு வாசிக்கத் தெரிந்தது மலையாளம் மட்டும். ஆடி மாதம் வந்தால், கர்க்கடகம் என்று சொல்லி, விளக்கேற்றி ராமாயணம் வாசிப்பார். பேரப்பிள்ளைகளோ இங்கிலீஷ் பள்ளிக்கூடம். இப்படி மூன்று லிபிகள் ஒரே பாயில்! அம்மச்சிக்கு மாதத்தில் ஒரு வாரம் ஒதுக்கினார்கள். தமது மலையாளப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஊர்த் தமிழில் கதையாகச் சொல்வார். அந்த வாரம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளும் வருகிறார்களாம்.

இனி, அந்தத் தாயைப் பற்றிச் சொல்கிறேன்.

அவளுடைய பையனுக்குப் பத்து வயசு. தன் முறை வரும்போதெல்லாம் அவனுக்குத் தாகம் எடுக்கும், அல்லது பல் வலிக்கும். எழுத்துக் கூட்ட வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அதைக் கவனித்த பிறகே, முறை வைப்பதை நிறுத்தினார்கள். வாசிக்க ஆசைப்படுகிறவர் கையை நீட்டினால் புத்தகம் வரும். நீட்டாதவரை யாரும் கேட்பதில்லை. (எழுத்துக் கூட்டி வாசிப்பதைச் சிரமமாக்குகிற டிஸ்லெக்ஸியா சில குழந்தைகளுக்கு உண்டு. அது சோம்பேறித்தனமல்ல. சந்தேகமிருந்தால் திட்டுவதை விட்டு, தேர்ந்தவர்களிடம் காட்ட வேண்டும்.) அவன் தாய் கூட்டத்துக்குள் வருவதே இல்லை. பிள்ளையை விட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள். கூப்பிட்டால், “எனக்கு ஏழாங்கிளாஸோட நின்னுபோச்சு. உங்க கூட்டத்துல நான் எதுக்கு?” என்பாள்.

அப்போது படித்துக்கொண்டிருந்தது ‘டோட்டோ-சான்’. ஜப்பானியச் சிறுமி ஒருத்தியின் நிஜக் கதை. முதல் வகுப்பிலேயே ஒரு பள்ளிக்கூடம் வேண்டாமென்று அனுப்பிவிட, ரயில் பெட்டிகளையே வகுப்பறைகளாக வைத்திருக்கும் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கு அவள் போகிறாள். தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. அத்தியாயங்கள் சின்னச் சின்னவை. இப்படிப்பட்ட கூட்டத்துக்கென்றே எழுதினாற்போல் இருக்கும்.

ஒரு ஞாயிறு. இடவப்பாதி மழை கொட்டித் தீர்க்கிறது. ஏழெட்டுப் பேர்தான் வந்திருக்கிறார்கள். என் தங்கைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சாரல் அடித்ததால் அந்தத் தாயும் வாசற்படியை விட்டு உள்ளே வந்து சுவரோரம் ஒதுங்கியிருந்தாள். புத்தகம் ஒவ்வொரு கையாகத் தட்டிக் கழிந்து கடைசியில் அவள் மடிக்கு வந்தது. அன்றைய அத்தியாயம் டோட்டோ-சானின் பர்ஸ் கக்கூஸ் குழிக்குள் விழுந்துவிடுவது. அவள் ஒரு அகப்பையை எடுத்துக்கொண்டு குழியை இறைக்க ஆரம்பித்துவிடுகிறாள்!

வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு அவள் மெல்ல வாசித்தாள். இரண்டாவது பக்கத்தில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசிக்கப் போய், பிள்ளைகளெல்லாம் உருண்டு சிரித்தார்கள். அப்புறம் ஒரு நீண்ட வார்த்தை. அவள் தடுமாறி நின்றாள். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதும் அங்கே ஒரு விதி. விதி தெரிந்தும், அவள் தோளில் சாய்ந்திருந்த பையன் காதோரமாக அந்த வார்த்தையைச் சொன்னான்.

அவன் கண் இத்தனை நேரமும் அந்த விரலோடு கூடவே போய்க்கொண்டிருந்தது!

அதற்குப் பிறகு அவன் சிங்கம்போல் வாசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று எழுதினால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் அது பொய். கூட்டத்தில் அவன் இன்றுவரை கையை நீட்டவில்லை. வீட்டில், இரவு விளக்கணைக்கும் முன், தாயும் பிள்ளையும் ஆளுக்கொரு பக்கம் வாசிக்கிறார்களாம். அவன் தாய் மட்டும் வாசற்படியில் உட்காருவதை விட்டுவிட்டாள்.

ஜப்பான் என்றதும் இன்னொரு பெண்மணி ஞாபகம் வருகிறார். மொமோகோ இஷி. ‘வின்னி த பூ’ கரடிக் கதையை ஜப்பானியக் குழந்தைகளுக்கு மொழிபெயர்த்துக் கொடுத்தவர். 1958-இல் தோக்கியோவில் தம் சொந்த வீட்டிலேயே அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்காகப் புத்தக அறை ஒன்றைத் திறந்தார். அந்த அனுபவத்தை அவர் 1965-இல் புத்தகமாக எழுத, அதைப் படித்த இல்லத்தரசிகள் ஊருக்கு ஊர் தங்கள் வீடுகளில் இப்படிப் புத்தக அறைகளைத் திறந்தார்கள். இவற்றுக்கு அங்கே ‘புன்கோ’ என்று பெயர். இஷி 101 வயது வாழ்ந்து 2008-இல் காலமானார்.

நம் பக்கத்தில் மட்டும் என்ன குறைச்சல்? மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை 1931 அக்டோபரில் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். படிக்கிறவர் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் அவரிடம் போகட்டும் என்ற எண்ணம். அதே 1931-இல்தான் சீர்காழியில் பிறந்த ரங்கநாதன், நூலகத்துக்கான ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். அடுக்கி வைப்பதற்கல்ல, எடுத்துப் படிப்பதற்கே புத்தகம் என்பது அவற்றில் முதலாவது. அம்மச்சி சிறுமியாக இருந்த நாட்களில், திருவிதாங்கூரில் பி. என். பணிக்கர் 47 நூலகங்களைச் சேர்த்து 1945-இல் கிரந்தசாலா சங்கத்தைத் தொடங்கி, கிராமம் கிராமமாக நடந்தார். நம்மில் பல வீடுகளில் கண்ணாடி அலமாரியும் இருக்கிறது, அதற்குப் பூட்டும் இருக்கிறது, சாவி எங்கே என்றுதான் தெரியவில்லை.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று சிலர் கேட்பீர்கள். ஆறு வீடும் மாதம் ஐம்பது ரூபாய் போடுகின்றன. ஒரு புத்தகத்துக்கு இரண்டு பிரதி. ஒன்று வாசிக்கிறவருக்கு, மற்றது எட்டிப் பார்க்கிறவர்களுக்கு. மற்றபடி ஊர் நூலகத்தில் அங்கத்தினர் அட்டை. அழ. வள்ளியப்பாவும் வாண்டுமாமாவும் பூவண்ணனும் அங்கே கிடைப்பார்கள். கவிமணியைச் சொல்லவே வேண்டாம். அவர் அந்த ஜில்லாவிலேயே தேரூர்க்காரர். அரசுப் பள்ளிக்கூடங்களுக்கு 2022 முதல் ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்று பத்திரிகைகள் வருகின்றன. 2023-இல் வந்த வாசிப்பு இயக்கம், சிறு புத்தகங்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று நான்கு படிகளாகப் பிரித்துப் போட்டது. உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும், நுழைய வேண்டிய பருவத்தில் பறக்கச் சொல்லாதீர்கள்.

இரண்டு மழைக்காலம் உள்ள ஊரில் புத்தகத்துக்குப் பூஞ்சை ஒரு சத்துரு. ஒரு பழைய தகரப் பெட்டி, உள்ளே நாலைந்து வசம்புத் துண்டு, வெயில் கண்ட நாளில் திண்ணையில் ஓர் உலர்த்தல். ஏடுகளைக் காத்த அதே வசம்புதான். கிழிந்த பக்கத்துக்கு யாரையும் கடிந்துகொள்வதில்லை. கிழித்தவரே பசை போட்டு ஒட்ட வேண்டும். ஒட்டுப் போட்ட புத்தகங்களைப் பார்த்தேன். அவைதாம் அதிகம் படிக்கப்பட்டவை என்று தெரிந்தது.

மலையை விட்டு இறங்கும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. அடிவாரத்தில் அம்மச்சி பிளாஸ்கோடு காத்திருந்தார். டோட்டோ-சான் முடிந்தது. அடுத்தது எது? துப்பறியும் கதை என்று ஒரு கட்சி, மிருகக் கதை என்று இன்னொரு கட்சி. சிங்கம் வருகிற புத்தகம்தான் வேண்டும் என்று அந்த ஏழு வயதுக்காரி பிடிவாதம். அப்பாக்களில் ஒருவர் மெதுவாக, “ரயில் பெட்டிப் பள்ளிக்கூடத்தையே இன்னொரு தடவை...” என்று இழுத்தார். கையெழுத்து ஓட்டா, கைதூக்கல் ஓட்டா என்பதிலேயே பஸ் வந்துவிட்டது.

“அடுத்த வாரம் யார் வீட்டில்?” என்று என் தங்கை கேட்டாள்.

“எங்க வீட்டுல வையுங்க அக்கா” என்றாள் அந்தப் பையனின் தாய். ஒரு நிமிஷம் கழித்து, “பாய் ரெண்டுதான் இருக்கு” என்றாள்.

பாய் நாங்கள் கொண்டுவருகிறோம் என்று நாலு குரல் ஒன்றாகக் கிளம்பியது. தகரப் பெட்டி இருந்தது என் தங்கை வீட்டில். பெட்டிக்கு ஒரு பக்கம் கைப்பிடி இல்லை, ஒருவராய்த் தூக்குவது கஷ்டம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்களோடு வீடுவரை வந்து, அதைத் தலைமேல் வைத்துக்கொண்டு அந்தப் பையன் தாய்க்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தான். வசம்பு வாசனை தெருமுனைவரை வந்தது.